கொக்கோப்பா மொழியின் ஒலிகள்: ஓர் உயிரும் அதன் முன்னே நிற்கும் மெய்களும்

ஒரே இனத்தின் பெயரை மூன்று விதமாக எழுதுகிறார்கள். அமெரிக்க ஆவணங்களில் கொக்கோப்பா, மெக்சிகோவின் ஸ்பானிய ஆவணங்களில் குக்கப்பா, அந்த மக்களின் சொந்த வாயில் ஏறக்குறைய க்வப்பா. ஆங்கிலம் பேசுபவர் முதல் அசையை அழுத்துவார். ஸ்பானிய எழுத்திலோ கடைசி உயிரின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும். அழுத்தம் அங்கே விழ வேண்டும் என்பதற்கான குறி அது. இந்த ஒரு விஷயத்தில் ஸ்பானியம்தான் சரி. மொழியின் ஒலியமைப்பு முழுவதையும் பிடித்துவைத்திருக்கும் ஆணி அந்தக் கடைசி அழுத்தம்தான்.

எழுத்துக்கூட்டல் பற்றி முதலிலேயே ஒன்று. தமிழில் ‘கோகோபா’ என்று எழுதினால் நம் வாய் தானாகவே நடுவில் உள்ள ககரத்தையும் பகரத்தையும் மென்மையாக்கி அதிரொலியாகச் சொல்லிவிடும். இந்த மொழியிலோ அடைப்பொலிகள் அதிர்வின்றியே ஒலிக்கும். ஆகவே இங்கே வல்லின மெய்யை இரட்டித்து எழுதியிருக்கிறது. உண்மையில் ஒலி இரட்டிப்பதில்லை, ஒற்றை வல்லொலிதான். இரண்டு பிழைகளில் சிறியதைத் தேர்ந்திருக்கிறோம்.

மொழி வழங்கும் இடம் கொலராடோ ஆறு கடலில் சேரும் கழிமுகப் பகுதி. எல்லைக் கோடு அந்த மக்களை இரண்டு நாடுகளாகப் பிரித்துவிட்டது. அமெரிக்கப் பக்கத்தில் அரிசோனா மாநிலம் யூமா நகருக்கு அருகே, சொமர்ட்டன் ஊரை ஒட்டி, 1917இல் ஏற்பட்ட காப்பு நிலம் இருக்கிறது. மெக்சிகோப் பக்கத்தில் பாஹா கலிஃபோர்னியாவின் எல் மயோர், சொனோரா மாநிலத்தின் போஸாஸ் தெ அர்விஸு ஆகிய ஊர்கள். இரு பக்கமும் சேர்த்துப் பேசுபவர்கள் சில நூறு பேர்தான். 1605இல் ஹுவான் தெ ஓஞாத்தே தலைமையில் ஆற்றின் முகத்துவாரம்வரை வந்த ஸ்பானியர்களின் குறிப்பில் கோக்காப்பா என்று ஒரு பெயர் ஏறியது. மொழியை ஒலி ஒலியாகப் பிரித்து எழுதும் வேலையோ 1960களில்தான் முறையாக நடந்தது. அதைச் செய்தவர் ஜேம்ஸ் கிராஃபோர்டு. 1966இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வு இம்மொழியின் இலக்கணம். 1983இல் கதைத் தொகுப்பும் 1989இல் அகராதியும் வந்தன.

குடும்பம் யூமா. அதில் நதிக்கரைக் கிளை ஒன்று: மொஹாவே, குவெச்சான், மரிக்கோப்பா. பாய்க் கிளை ஒன்று: ஹுவாலப்பாய், ஹவசூப்பாய், யவப்பாய், பாய்பாய். கொக்கோப்பாவும் கலிஃபோர்னியாவின் குமேயாய் மொழிகளும் சேர்ந்து ‘கழிமுக-கலிஃபோர்னியா’ கிளை. குமேயாய் மொழிகளைப் பழைய நூல்கள் டியகேன்யோ என்று சொல்லும். கிலிவா தனியே நிற்கிறது. இந்த உறவினர்களை அடிக்கடி கூப்பிட வேண்டிவரும். ஒரு மொழியில் மறைந்து கிடப்பது பக்கத்து மொழியில் வெளியே தெரியும்.

கட்டுரை முழுவதும் வரும் குறிகள் மூன்று. ஹ் என்பது நம் ஹகரம் அல்ல, அதைவிட உராய்வு மிகுந்தது. ஃல் என்பது அதிர்வில்லாத, காற்றை ஊதிச் சொல்லும் லகரம். மேற்கோள் போல வரும் ’ குறி, தொண்டையில் காற்றைச் சட்டென்று நிறுத்தி விடும் அடைப்பு.

இனி எண்ணுப் பெயர்கள். இரண்டு ஹ்வக், மூன்று ஹ்முக், நான்கு ஸ்பப், ஐந்து ஸ்ரப். ஒவ்வொன்றிலும் உயிர் ஒன்றே ஒன்று. அது சொல்லின் கடைசி அசையில், அழுத்தத்தோடு நிற்கிறது. முன்னால் மெய்கள் வரிசை கட்டுகின்றன. சொல்லின் அடி பெரும்பாலும் அந்த ஓர் அசைதான். முன்னொட்டுகள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒற்றை மெய்யாக வந்து ஒட்டும். ஒட்ட ஒட்ட முன்பகுதி நீளும், உயிரின் எண்ணிக்கை கூடுவதில்லை.

தமிழ்க் காதுக்கு இது நேர் எதிர்த் திசை. நம் மொழியில் சொல்லின் முதலில் மெய்ம்மயக்கம் கிடையாது. ‘ஸ்கூல்’ வந்தால் ‘இஸ்கூல்’ ஆக்கித்தான் உள்ளே விடுவோம். அதே வேலையைக் கொக்கோப்பாவும் செய்கிறது, ஆனால் கணக்கில் சேர்க்காமல் செய்கிறது. ஹ்முக் என்பதை ஒருவர் நிதானமாகச் சொல்லக் கேட்டால் ஹகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய உயிர் காதில் விழும். அது அகரமா, உகரமா என்று கேட்டால் பதில் இல்லை. யகரம், ஞகரம் பக்கத்தில் இருந்தால் இகரச் சாயல் எடுக்கும். வகரமோ உதடு குவிந்த மெய்யோ பக்கத்தில் இருந்தால் உகரச் சாயல். வேறு எதுவும் இல்லையென்றால் மங்கலான அகரம். வேகமாகப் பேசினால் சுருங்கும், சில இடங்களில் காணாமலே போகும்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் இலக்கணத்தில் ஒரு கைப்பிடி உண்டு: குற்றியலுகரம். ‘நாடு’ என்பதன் கடைசி உகரம் அரை மாத்திரை. அடுத்து உயிர் வந்தால் இடத்தைக் காலி செய்துவிடும், ‘நாடில்லை’ என்று. தொல்காப்பியம் அதைச் சார்பெழுத்து என்று தனியே வைத்தது. கொக்கோப்பாவின் இடைச்செருகல் உயிரும் சார்ந்து வருவதுதான். வேறுபாடு என்னவென்றால், குற்றியலுகரத்துக்கு உகரம் என்று ஒரு முகமாவது உண்டு. இதற்கு முகம் பக்கத்து மெய் கொடுப்பது.

எழுதுபவர் முதலில் சறுக்குவது இங்கேதான். கேட்டதையெல்லாம் எழுதினால் மூன்று என்ற ஒரே சொல் ஒருநாள் ஹமுக், மறுநாள் ஹுமுக், இன்னொருவர் வாயில் ஹிமுக் என்று ஏட்டில் ஏறும். அகராதியில் ஒரு சொல் மூன்று இடங்களில் சிதறும். எது உண்மையான உயிர், எது சார்ந்து வந்தது என்று பிரிக்க மூன்று கேள்விகள் போதும். சொல்லை ஐந்தாறு முறை, மெதுவாகவும் வேகமாகவும் சொல்லச் சொன்னால் அந்த உயிர் மாறாமல் வருகிறதா? அதை நெடிலாக்கினால் வேறு பொருள் வருமா? அழுத்தம் அதன்மேல் விழுமா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அதற்கு எழுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. கொக்கோப்பாவுக்கான ஆய்வு எழுத்துமுறை இப்படித்தான் அதை விட்டுவிடுகிறது. குமேயாய் மொழிக்கு வழங்கும் நடைமுறை எழுத்துமுறை வேறு வழியில் போனது. அந்த மங்கலான உயிர் வரும் இடத்திலெல்லாம் எகர எழுத்தைப் போட்டது. முதல் வழியில் அமைப்பு தெளிவாகத் தெரியும், ஆனால் படிக்க வருபவர் மெய்க்குவியலைப் பார்த்து மிரள்வார். இரண்டாவது வழியில் படிப்பது எளிது, ஆனால் கற்பவர் அந்த எகரத்தை முழு எழுத்தாக உச்சரிக்கப் பழகி அழுத்தத்தைத் தவறவிடுவார். எந்த வழியிலும் ஒரு விலை உண்டு. நம் கணிப்பில், மொழியை வீட்டில் கேட்டு வளராதவர்களுக்குக் கற்பிக்கும்போது முதல் ஆண்டில் குமேயாய் வழியும் அகராதிக்குக் கொக்கோப்பா வழியும் உதவும்.

மெய்க்குவியல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்பது என்ற எண்ணின் பெயர் நல்ல சான்று: ஹ்ம்ஹ்முக். மூன்றின் முன்பகுதி இரட்டித்திருக்கிறது, மும்மூன்று என்பதுபோல. உயிருக்கு முன்னால் நான்கு மெய். குவெச்சான் மொழியில் இதே சொல் ஹம்ஹமூக் என்ற சாயலில், இடையில் அகரங்கள் வெளிப்படையாக நின்று ஒலிக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் கொக்கோப்பா எதை இழந்தது, எதைக் காத்தது என்பது தெரியும். மறைந்தவை எல்லாம் அழுத்தம் இல்லாத உயிர்கள். அழுத்தம் பெற்ற கடைசி உயிர் மட்டும் விழாமல் நிற்கிறது.

இரண்டு என்ற சொல்லில் ஒரு நுட்பமான வழக்கு இருக்கிறது. இம்மொழியில் உதட்டைக் குவித்துக்கொண்டே சொல்லும் மெய்கள் உண்டு. க்வ், ஹ்வ் என்று நாம் இரண்டு எழுத்தால் எழுதுவது அங்கே ஒரே மெய்யாக இருக்கக்கூடும். நாக்கின் பின்பகுதி அண்ணத்தைத் தொடும் அதே கணத்தில் உதடு குவிய வேண்டும். நாம் ‘குவளை’ என்று சொல்லும்போது முதலில் கு, பிறகு வ, அப்படி அல்ல. சரி, ஹ்வக் என்பதில் இருப்பது ஒற்றை மெய்யா, ஹகரமும் வகரமும் சேர்ந்த இரட்டையா? கொக்கோப்பாவுக்குள் மட்டும் காது வைத்தால் தீர்ப்பது கடினம். உறவினர்களைக் கூப்பிட்டால் வழக்கு முடிகிறது. குமேயாயில் அது ஹெவக், மொஹாவேயிலும் குவெச்சானிலும் ஹவீக். நடுவில் உயிர் நுழைந்து பிரிக்க முடிகிறது என்றால் ஆதியில் அவை இரண்டு மெய்கள். இதற்கு மாறாக மான் என்ற சொல்லைப் பாருங்கள்: குமேயாயில் எக்வக், மொஹாவேயில் அக்வாக்க. ககரத்துக்கும் வகரத்துக்கும் இடையே எந்த மொழியிலும் எதுவும் நுழையவில்லை. அது உண்மையான ஒற்றை மெய். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், அடியில் வேறு.

ஞகரம் நமக்குச் சிரமம் தராது. சொல்லின் முதலிலேயே தாராளமாக வரும். சூரியன், பகல் என்ற பொருளில் இக்குடும்பத்தில் வழங்கும் சொல் ‘ஞா’ என்பது போன்றே ஒலிக்கும். ஞாயிறு என்று நாம் சொல்வதோடு ஒத்துப்போவது தற்செயல். இப்படி ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உறவு கொண்டாடும் பழக்கம் நம்மிடம் அதிகம் என்பதால் சொல்லிவைக்கிறோம்.

அடைப்பொலிகளில் பகரம், தகரம், சகரம், ககரம் நமக்குத் தெரிந்த இடங்களிலேயே பிறக்கின்றன. சகரத்தை ‘பச்சை’யில் வருவதுபோல் அடைப்போடு சொல்ல வேண்டும். காற்றுவிட்டுச் சொல்லும் ஒலியும் இல்லை, அதிர்ந்து ஒலிக்கும் இணைகள் வழி பொருள் வேறுபாடும் இல்லை. இதுவரை தமிழோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. ககரத்துக்குப் பின்னால் ஒரு ககரம் இருப்பதில்தான் பாதை பிரிகிறது. நாக்கின் அடிப்பகுதி உள்நாக்கை ஒட்டிப் பிறக்கும் ஒலி அது. குர்ஆன் ஓதப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அரபியின் ك, ق என்ற இரண்டு ககரங்களும் எங்கே பிரிகின்றனவோ அங்கேதான் இங்கும் பிரிவு. பழகாதவர்கள் இப்படி முயலலாம்: ‘கி’ என்று சொல்லுங்கள், நாக்கு தொடும் இடத்தைக் கவனியுங்கள். பிறகு ‘கு’. தொடுமிடம் பின்னால் நகர்ந்திருக்கும். உதட்டைக் குவிக்காமல், அதே திசையில் இன்னும் ஓர் அங்குலத்தில் பாதி பின்னுக்குத் தள்ளி, வாயை ‘ஆ’ நிலையில் வைத்து அடைத்து விடுங்கள். கிடைக்கும் சத்தம் ஆழமாக, ஒரு மூடியைத் திறப்பது போல இருக்கும். வழக்கமான தவறு, பின்னால் போக முடியாமல் சத்தத்தைக் கூட்டுவது. உரக்கச் சொன்ன ககரம் ககரம்தான்.

கேட்கும்போது இரண்டையும் பிரிக்க மெய்யை விடப் பக்கத்து உயிர் உதவும். உள்நாக்குக் ககரத்தின் அருகே இகரம் எகரத்தை நோக்கியும் உகரம் ஒகரத்தை நோக்கியும் இறங்கும். நாக்கின் உடல் கீழேயும் பின்னாலும் இழுக்கப்படுவதுதான் காரணம். எகரம், ஒகரம் காதில் விழுந்தால் உடனே புது உயிர் என்று எழுதாமல், அருகில் எந்த மெய் என்று முதலில் பார்ப்பது நல்லது.

தொண்டை அடைப்பு சத்தத்தில் மிகச் சிறியது, இலக்கணத்தில் மிகப் பெரியது. யூமா மொழிகளில் வினையின் முன் வரும் இட முன்னொட்டுகள் எளிமையானவை: தன்மைக்குத் தொண்டை அடைப்பு, முன்னிலைக்கு மகரம், படர்க்கைக்கு எதுவும் இல்லை. கொக்கோப்பாவிலும் அமைப்பு இதுவே. குடித்தல் என்பதற்கு இக்குடும்பத்தில் பரவலாக வழங்கும் அடியான ‘ஸி’யை வைத்துச் சட்டகத்தை மட்டும் காட்டினால், ’ஸி என்றால் நான், ம்ஸி என்றால் நீ, வெறும் ஸி என்றால் அவர். நானுக்கும் அவருக்கும் இடையே உள்ள முழு வேறுபாடும் மூச்சை ஒரு நொடிப்பொழுது நிறுத்துவதில் தொங்குகிறது. அதுவும் இன்னொரு மெய்க்கு முன்னால், சொல்லின் தொடக்கத்தில். அங்கே முன்னால் ஒலி எதுவும் இல்லாததால் அடைப்பு நடந்ததா என்பதே காதுக்குத் தெரியாது.

ஸ்பானிய, ஆங்கில எழுத்துக்களில் இதற்கு இடமில்லை. அந்த மொழிகளைப் பேசி வளர்ந்தவர் கேட்டு எழுதினால் தன்மையும் படர்க்கையும் ஒன்றாகிவிடும். இதைத் தவிர்க்க ஒரு வழி: சொல்லைத் தனியே கேட்காமல், உயிரில் முடியும் ஒரு சொல்லை முன்னால் வைத்துத் தொடராகச் சொல்லச் செய்வது. முந்தைய உயிர் ஓடிவந்து திடீரென்று வெட்டுப்பட்டால் அடைப்பு இருக்கிறது. இயல்பான பேச்சில் முழு வெட்டு நேராமல் குரல் கரகரத்து நடுங்கினாலும் போதும். கணினியில் ஒலி அலையைப் பார்த்தால் சீரான துடிப்புகள் அந்த இடத்தில் மட்டும் ஒழுங்கு கெட்டு விலகி விலகி நிற்கும். பலர் முழு மௌனத்தைத் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று அடைப்பையே பதியாமல் விடுவார்கள்.

இனி லகரங்கள். கொக்கோப்பாவின் முகவரி இங்கேதான் என்று சொல்லலாம்.

தமிழில் ல, ள, ழ மூன்றையும் நாக்கு மடியும் அளவு பிரிக்கிறது. கொக்கோப்பாவில் நான்கு லகரம், நாமடிப்பில் எதுவும் இல்லை. பிரிப்பவை இரண்டு அச்சுகள். ஒன்று அதிர்வு: குரல் உண்டா, வெறும் காற்றா. மற்றது அண்ணம்: நுனிநாக்கு மட்டும் தொடுகிறதா, நாக்கின் உடலே மேலண்ணத்தோடு ஒட்டிப் படர்கிறதா. ஆகவே ல், ல்ய், ஃல், ஃல்ய். இரண்டு எழுத்தால் எழுதினாலும் ல்ய் என்பது ஒற்றை ஒலி, லகரமும் யகரமும் ஒரே நேரத்தில்.

ஊது லகரத்தைச் சொல்லும் முறை இது. ‘கல்’ என்று சொல்லிக் கடைசி லகரத்தில் நில்லுங்கள், நாக்கை எடுக்க வேண்டாம். விரலைத் தொண்டைமேல் வையுங்கள், அதிர்வு தெரியும். நாக்கு அப்படியே இருக்கக் குரலை மட்டும் நிறுத்தி மூச்சை விடுங்கள். காற்று நாக்கின் இரு ஓரமும் கடைவாய்ப் பற்களின் பக்கம் உரசி வெளியேறும். உரசல் போதவில்லை என்றால் நாக்கின் ஓரங்களைச் சற்று உயர்த்தி வழியைக் குறுக்குங்கள். தொண்டை விரலில் ஒன்றும் தெரியக் கூடாது. வேல்ஸ் மொழியின் இரட்டை எல் எழுத்தும் நவஹோ மொழியின் கோடிட்ட எல் எழுத்தும் இதே ஒலிதான்.

அண்ண வகைக்கு, ‘ஞ்’ சொல்லும்போது நாக்கு நிற்கும் நிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நுனி கீழ்ப்பற்களின் பின்னால் இறங்கி இருக்கட்டும். நாக்கின் நடுப்பகுதி மேலே ஒட்டி இருக்க, ஓரங்கள் வழியே ஊதினால் ஃல்ய் வரும். சத்தம் ஷகரத்துக்கு நெருக்கமாகச் சீறும்.

தவறுகள் ஒழுங்காகவே வருகின்றன. ஒருவர் ஹகரமும் லகரமுமாகப் பிரித்து ‘ஹ்ல’ என்பார். காரணம், குரலில்லாமல் லகரம் சொல்ல முடியும் என்று வாய் நம்பாததால் காற்றுக்கு ஓர் எழுத்து, லகரத்துக்கு ஓர் எழுத்து என்று தனித்தனியே கொடுத்துவிடுகிறது. இன்னொருவர் ‘த்ல’ என்பார். நாக்கின் ஓரங்களையும் சேர்த்து அடைத்துவிட்டுத் திறக்கிறார், ஆகவே முதலில் ஒரு வெடிப்பு. மூன்றாமவர் ஷகரமே சொல்வார். அவர் நாக்கின் நடுவே காற்றை விடுகிறார். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: ஒலியைச் சொல்லும் நிலையிலேயே மூச்சை உள்ளே இழுங்கள். குளிர்ச்சி நாக்கின் ஓரங்களில் தெரிந்தால் சரி, நடுவில் தெரிந்தால் ஷகரம்.

இந்த லகரங்கள் பொருளோடு விளையாடுவதும் உண்டு. மொழியியலாளர் மார்கரெட் லாங்டன் 1971இல் யூமா மொழிகளின் ஒலிக் குறியீடு, அதாவது ஒலியே பொருளைச் சுட்டும் வழக்கம், பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் நன்கு அறியப்பட்டது. டியகேன்யோவில் ஊது லகரத்தோடு சகுஃல்க் என்றால் ஊடுருவிப் போகும் பெரிய ஓட்டை. அதையே குரலுள்ள லகரத்தோடு சகுல்க் என்றால் சின்ன ஓட்டை. அடியை மாற்றவில்லை, ஒட்டுச் சேர்க்கவில்லை, மெய்யின் தன்மையை மட்டும் திருப்பினால் அளவு மாறுகிறது. எனவே இந்தக் குடும்பத்து மொழிகளில் பேச்சைப் பதியும்போது ஒருவர் ஒரே சொல்லை இரண்டு லகரத்தால் சொன்னால் உடனே ‘உச்சரிப்பு வேறுபாடு’ என்று முத்திரை குத்திவிடக் கூடாது. சொன்னவர் எதன் அளவைப் பற்றிப் பேசினார் என்று கேட்க வேண்டும்.

ஸகரம், ஷகரம் இரண்டும் தனித்தனி ஒலிகள். ஷகரத்தில் நுனிநாக்கு பின்னோக்கி வளையும், ஆக வடமொழி ஷகரத்தை ஒழுங்காகச் சொல்லப் பழகியவர்களுக்குச் சிரமமில்லை. ஸகரத்தின் உறவினர் ஒருவர் மட்டும் வேடிக்கையானவர். ஐந்து என்பது கொக்கோப்பாவில் ஸ்ரப், குவெச்சானில் ஸரப், மொஹாவேயிலோ முதல் ஒலி பற்களுக்கிடையே நாக்கை நீட்டிச் சொல்லும் உரசொலி, ஆங்கிலத்தில் ‘நன்றி’ சொல்லும் சொல்லின் தொடக்கத்தில் வருவது. மொஹாவே ஸகரத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டது. இத்தகைய ஒழுங்கான மாற்றங்களை வைத்துத்தான் இம்மொழிகள் ஒரு தாயின் பிள்ளைகள் என்று சொல்ல முடிகிறது.

ஹகரத்துக்கு வழிகாட்டி நம்மிடமே உண்டு. ‘அகம்’, ‘பகல்’ என்று இயல்பாகச் சொல்லும்போது நடுவில் உள்ள ககரம் முழுதாக அடைபடாமல் உரசிப் போகிறதே, அந்த இடம்தான். குரலை எடுத்துவிட்டு உரசலைக் கூட்டினால் வந்துவிடும். தண்ணீர் என்பதற்கான சொல் ‘ஹ’, இந்த ஓர் ஒலியும் அகரமும்தான்.

உயிர்கள் பக்கம் வந்தால் கூட்டம் குறைவு. மூல யூமா மொழிக்கு ஆய்வாளர்கள் கொடுக்கும் உயிர்கள் அ, இ, உ மூன்றும் அவற்றின் நெடில்களும். கொக்கோப்பாவின் உயிர்களுக்கும் அடித்தளம் அதுவே. குறில் நெடில் வேறுபாடு உண்மையாக வேலை செய்வது அழுத்தம் பெற்ற அசையில். இங்கே தமிழர் காது ஐரோப்பியர் காதைவிட ஒரு படி மேல். மாத்திரை என்ற எண்ணத்தோடு வளர்ந்தவர்கள் நாம்.

அந்த நெடிலுக்கு இலக்கண வேலையும் உண்டு. யூமா மொழிகளில் வினையின் பன்மையைக் காட்டும் வழிகளில் ஒன்று அடியின் உயிரை நீட்டுவது. டியகேன்யோவில் சேகரி என்பது முஃல், பலர் செய்தால் மூஃல். எரி என்பது ஃல்யப், பன்மையில் ஃல்யாப். கொக்கோப்பாவும் பன்மைக்கு முன்னொட்டு, பின்னொட்டு, உயிர் மாற்றம் ஆகியவற்றைக் கலந்து பயன்படுத்தும். எந்த வினை எதை எடுக்கும் என்பதை ஒவ்வொன்றாகக் கற்க வேண்டியதுதான். ஆகவே நீளத்தைத் தவறவிட்டால் ஒருமை பன்மையே போய்விடும்.

நீளத்தை அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. அழுத்தம் எப்போதும் கடைசி அசையில் விழுவதால், தனிச் சொல்லாகக் கேட்டால் சொல்லின் முடிவும் பேச்சின் முடிவும் ஒன்றாகிவிடும். பேச்சின் முடிவில் பெரும்பாலான மொழிகளில் உயிர் சற்று நீளும். குறில் நெடில்போல் கேட்கும். பட்டியலாகச் சொல்லச் சொன்னால் கடைசிச் சொல் இன்னும் நீளும். இதற்கு மருந்து பழையது: ஒவ்வொரு சொல்லையும் ஒரே வாக்கியச் சட்டகத்தின் நடுவில் வைத்து, வரிசையைக் கலைத்து, குறைந்தது மூன்று முறை சொல்லச் செய்து, ஒவ்வொரு பட்டியலின் முதலையும் கடைசியையும் கணக்கில் எடுக்காமல் விடுவது. ஒருவரின் குறிலை அவருடைய நெடிலோடு மட்டும் ஒப்பிட வேண்டும், இன்னொருவருடையதோடு அல்ல. வயதானவர்கள் மெதுவாகப் பேசுவார்கள், அவர்கள் குறில் இளையவரின் நெடிலை எட்டிவிடும்.

ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றி. ஸ், ஷ், ஃல், ஃல்ய் ஆகிய நான்கையும் பிரித்துக் காட்டும் சத்த ஆற்றலின் பெரும்பகுதி 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பழைய தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ்வரைதான் கடத்தும். அதன் வழியே கேட்டால் நான்கும் ஒரே ‘ஸ்ஸ்’. அளவைச் சுருக்கும் எம்பி3 போன்ற வடிவங்களும் மேல் அலைவெண்களில்தான் முதலில் கை வைக்கும். நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், சுருக்காத வேவ் கோப்பு என்பது குறைந்தபட்சம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைப்பது நல்லது. ஊது லகரத்தின் காற்று மைக்கில் நேராக மோதினால் பதிவில் வெறும் இடிச்சத்தம் கிடைக்கும், உரசல் அதற்குள் புதைந்துவிடும். யூமா பாலைவன வெயிலில் குளிரூட்டியை நிறுத்தச் சொல்வது கொடுமைதான். ஆனாலும் அதன் இரைச்சல் தொண்டை அடைப்பின் அந்தச் சிறு மௌனத்தை நிரப்பிவிடும். ஐந்து நிமிடம் நிறுத்தி, பதிந்து, மீண்டும் போட்டுக்கொள்வது எல்லோருக்கும் தாங்கும்.

அச்சில் ஏறும்போதும் இந்த ஒலிகளுக்கு விபத்து நேர்கிறது. இந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் இன்னொரு பெயர் ஹவிஃல் க்வ்ஞ்சவாய் என்பது, ஆற்றோரம் வாழ்பவர்கள் என்று பொருள். ஒரே தொடருக்குள் உரசும் ஹகரம், ஊது லகரம், உதடு குவிந்த ககரம், ஞகரம், நீண்ட கடைசி உயிர் எல்லாம் வந்துவிடுகின்றன. ஹகரத்துக்கு எக்ஸ் எழுத்து, ஞகரத்துக்கு ஸ்பானியத்தின் அலைக்கோடு போட்ட என், ஊது லகரத்துக்குக் குறுக்குக்கோடு போட்ட எல் இரண்டு. ஆனால் சில வெளியீடுகளில் இதே பெயரின் முதல் சொல் இரண்டு டி எழுத்தோடு, ஹவிட் என்று படிக்கும்படி அச்சாகியிருக்கிறது. குறுக்குக்கோடிட்ட எல் எழுத்தைத் தெரியாத கண் அதை டி என்று பார்த்திருக்க வேண்டும், வேறு காரணம் தோன்றவில்லை. அந்தப் பெயரைத் தமிழில் எழுதும் யாரும் டகரத்தைப் போடாமல் இருந்தால், ஆற்றைக் குறிக்கும் அந்தச் சொல்லின் ஊது லகரமாவது தப்பும்.